பழுத்த செடிக்கு மூன்று தண்ணீர்

அன்று கிணற்றடியில் இருந்தவர்கள் நான்கு பேர். நான் ஒருத்தி. என் நாத்தனார், பதினாறு முடிந்து பதினேழு நடந்துகொண்டிருந்தவள். கிணற்றுக்குச் சொந்தக்காரரான சின்ன மாமனார், அதாவது என் வீட்டுக்காரரின் சித்தப்பா; நான் மாமா என்று கூப்பிடுவேன். அப்புறம் அவருக்கு ஏற்றம் மிதிக்கிற ஆள்; அவரை நான் அண்ணன் என்பேன். ஐந்தாவது ஆளாக அங்கே நின்றிருக்க வேண்டிய என் வீட்டுக்காரர் சைகோனில் இருந்தார். இருக்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனி மாதத்துக்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் வரவில்லை.

தை மாதம் பாதி போயிருந்தது. கார்த்திகையோடு மழை நின்றுவிட்ட வருஷம் அது. கிருமாம்பாக்கத்துக்கும் பாகூருக்கும் நடுவில் எங்கள் கொல்லை, மணல் கலந்த மண். மழை பெய்தால் ஒரே நாளில் குடித்துவிட்டு மறுநாள் ஒன்றும் நடக்காத மாதிரி கிடக்கும். அதில் இரண்டு குழி நிலத்தில் நான் உருளைக்கிழங்கு நட்டிருந்தேன். நட்டு ஐம்பது நாள் ஆகியிருந்தது. அன்று உச்சிவெயிலில் பார்த்தால், அத்தனை செடியும் இலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

தண்ணீர் வைக்கலாமா, வைத்தால் எவ்வளவு, இதுதான் அன்றைய பேச்சு. எங்கள் பக்கத்தில் இந்தக் கிழங்கை யாரும் பயிர் செய்ததில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது.

நான் ஏன் நட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். கல்யாணமான ஆறாவது மாதம் கப்பல் ஏறினார். மூன்று வருஷம் கழித்து விடுப்பில் வந்து நான்கு மாதம் இருந்தார். எனக்கு வாய்த்த குடும்பம் அந்த ஆறும் இந்த நான்கும், ஆகப் பத்து மாதம்.

விடுப்பில் வந்தவர் ஒருநாள் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலிருந்து ஒரு பை உருளைக்கிழங்கு வாங்கி வந்தார். எங்கள் யாரையும் தொடவிடவில்லை. தாமே அடுப்பின் முன்னால் உட்கார்ந்து வேகவைத்தார். சூடு ஆறுவதற்குள் தோலை உரித்து, விரலை உதறி உதறி ஊதிக்கொண்டு, உப்பும் மிளகும் போட்டுப் பிசைந்து எனக்கும் நாத்தனாருக்கும் ஆளுக்கு ஓர் உருண்டை கொடுத்தார். ஆண்பிள்ளை அடுப்படியில் உட்கார்ந்ததைப் பார்த்து நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"வெள்ளக்காரன் இதுக்கு மண்ணு ஆப்பிள்னு பேர் வச்சிருக்கான், தெரியுமா?" என்றார்.

"ஆப்பிள்னா இன்னாண்ணே?"

"அதுவும் தெரியாதா? அப்ப இத மண்ணு கொய்யான்னு வச்சுக்க."

அப்புறம் என் பக்கம் திரும்பி, "இது மட்டும் நம்ம கொல்லையில வந்துட்டா, நான் ஏன் கப்பல் ஏறப் போறேன்?" என்றார்.

விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் நான் எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளத் தெரியாதவள். மாட்டைக் கட்டிவிட்டு வந்த பிறகும் கட்டினேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போய், அணைத்தேனா என்று ஓடி வருவேன். அவர் சொன்ன அந்த ஒரு பேச்சை நான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் மறுபடியும் கப்பல் ஏறினார்.

அதற்கு அடுத்த விடுப்பு தை மாதம் கிடைக்கும் என்று, அந்த ஆனி மாதக் கடிதத்தில் எழுதியிருந்தார். அதன் பிறகு கடிதமும் நின்றது, மாதாமாதம் வந்த பணமும் நின்றது. ஜெர்மனிச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். நான் மோர் விற்றேன்.

ஐப்பசியில் பாகூர் கடைத்தெருவில் பாய் கடைக்கு எண்ணெய் வாங்கப் போனேன். மூலையில் ஒரு கோணிப்பையிலிருந்து வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. விற்காமல் தேங்கிப்போன உருளைக்கிழங்கு.

"இது இன்னா வெல, பாய்?"

"இத யாரு தாயி வாங்குவாங்க? குப்பையில கொட்டத்தான் வச்சிருக்கேன்."

"நட்டுப் பாக்கறேன்."

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எண்ணெய்க்குக் காசு குடு. இத தூக்கிக்கிட்டுப் போ. வெளைஞ்சா எனக்கு ஒண்ணு கொண்டா, நாலு பேர்கிட்ட காட்டுறேன்" என்றார். இரண்டு மணங்கு இருக்கும். நானும் நாத்தனாரும் மாறி மாறித் தலையில் சுமந்து வந்தோம். பெருமழை விட்டதும், கார்த்திகை கடைசியில் மண்ணை வரிவரியாகக் கரை கட்டி நட்டோம். என் கணக்கு சுலபமானது. தையில் அவர் வருவார். மாசியில் கிழங்கைத் தோண்டுவோம். அவர் கண் முன்னால் தோண்டுவோம்.

ஆகவே அன்று கிணற்றடியில் இலை தொங்கியபோது, நான் பயந்தது செடிக்காக மட்டுமல்ல.

"இன்னா அண்ணி, உன் செடிங்க எல்லாம் தலைய தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது? எவன் திட்டுனான்?" என்றாள் நாத்தனார்.

சின்ன மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தண்ணி இல்லாம நாக்கு தொங்குதும்மா. கெழங்குன்னா தண்ணி நிக்கணும். சேப்பங்கெழங்கப் பாரு. காலு நனையிற மாதிரி நின்னாத்தான் அடியில வைக்கும். ஒரு நாப்பது சால் உடறேன்."

"நீ உடுவ சித்தப்பா. சாலுக்கு இவ்வளவுன்னு காசு வருதில்ல? வள்ளிக்கெழங்குக்கு எவன் தண்ணி காட்டுறான்? மண்ணு வெடிச்சு வாயப் பொளந்தாத்தான் உள்ள கெழங்கு ஊறும். தண்ணி உட்டா கொடிதான் ஓடும். அப்புறம் கொடிய அறுத்து உன் மாட்டுக்குத்தான் போடணும்."

"என் மாட்டுக்குப் போட்டா வேணாங்குதா?"

இது இரண்டில் ஒன்று போலத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எங்களுக்குத் தெரிந்த கிழங்கு இரண்டு. ஒன்று சேற்றில் நிற்கும், மற்றது காய்ந்த மண்ணில் விளையும். உருளைக்கிழங்கு எதன் சாதி? சேம்பு என்று எண்ணி நிறுத்தினால் அழுகிப்போகலாம். வள்ளி என்று எண்ணிக் காயவிட்டால் கருகிப்போகலாம். நான் ஏற்ற மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஏற்றத்தின் மேலே நின்ற அண்ணன் சிரித்தார். "ரெண்டு பேரு சொல்றதும் ஞாயமாத்தான் இருக்குது. எது சரின்னுதான் தெரியல. தங்கச்சி, நீ காலையில வெய்யிலுக்கு முன்ன வந்து பாரு. காலையிலயும் தொங்குச்சுன்னா தண்ணி கேக்குது. மத்தியானம் மட்டும் தொங்குச்சுன்னா, அது வெய்யிலுக்குப் பயந்துகிட்டு மொகத்த மூடிக்குது. அவ்ளோதான்."

"அதுக்கு மேல தெரியணும்னா இவ அண்ணனத்தான் கேக்கணும்" என்று மாமா நாத்தனாரைக் காட்டினார். "அவந்தான் இத தின்னுட்டு வந்தவன்."

"கேளு சித்தப்பா. கெழக்கால திரும்பிச் சத்தமா கேளு, சைகோன்ல காதுல உழும்" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. சைகோனிலிருந்து அவள் அண்ணன் வந்தால்தான் அவளுக்குக் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தோம். கிணற்றுக்குள் சாலிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கேட்கத்தான் முடியாது. படிக்கலாம் அல்லவா? மறுநாள் மத்தியானம் பிஸ்கெட் டப்பாவைத் திறந்து அவருடைய கடிதங்களை எடுத்தேன். மொத்தம் பதினொன்று. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தம்பி பிறந்தான், அவனைத் தூக்கிக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது, நின்றுவிட்டேன். அதனால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு மத்தியானத்தில் இரண்டு மூன்று கடிதம்தான் முடியும். உருளைக்கிழங்கைத் தேடி மூன்று மத்தியானம் படித்தேன். தேடியது கிடைக்காமல் மற்றதெல்லாம் கிடைத்தது. அவருக்குக் காய்ச்சல் வந்தது, பூட்ஸ் கடித்தது, பக்கத்துக் கட்டிலில் படுக்கும் காரைக்கால் ஆள் குறட்டை விடுவது, வீட்டுக் கூரை மாற்றியாயிற்றா என்று நான்கு கடிதத்தில் கேட்டது. மாற்றியாயிற்று என்று நான் ஒரு கடிதத்திலும் பதில் எழுதச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஏழாவது கடிதத்தில் அது இருந்தது.

"மலைமேல் உள்ள குளிர் ஊரில் மூன்று மாதம் காவலுக்குப் போட்டார்கள். வெள்ளைக்காரருக்காக அங்கே உருளைக்கிழங்கு பயிர் செய்கிறார்கள். அந்த ஊர்ப் பெண்கள் காவடிபோல ஒரு கம்பில் இரண்டு தகர டப்பாவை மாட்டிக்கொண்டு வந்து சாயங்காலத்தில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். செடியின் தலையில் ஊற்றுவது கிடையாது. இரண்டு கரைக்கும் நடுவில் கொஞ்சமாக ஊற்றுகிறார்கள். அவர்கள் நடந்து வருவதைப் பார்த்ததும் நீ குடம் எடுத்து வருவது ஞாபகத்துக்கு வந்தது."

முன்பு அந்தக் கடிதம் வந்த நாளில், கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்திருந்தேன். அதற்கு முன்னால் இருந்த தண்ணீர் என் கண்ணில் படவே இல்லை. இப்போது தண்ணீரைத் தேடி வந்து, கடைசி வரிக்கு வந்ததும் மேலே படிக்க முடியாமல் வைத்துவிட்டேன்.

சாயங்காலம், நடுவில், கொஞ்சமாக. அவ்வளவு எழுதியிருந்தார். எத்தனை நாளைக்கு ஒருதரம் என்று எழுதவில்லை.

அதை மண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கரையின் பக்கவாட்டில் விரல் நுழையும் ஆழத்துக்குத் தோண்டி, ஒரு பிடி எடுத்து அழுத்துவேன். கொழுக்கட்டைபோலப் பிடி நின்றால் அன்றைக்கு வேண்டாம். உதிர்ந்தால் தண்ணீர். ஏற்றக்கார அண்ணன் சொன்னபடி காலையில் இலையையும் பார்த்துக்கொள்வேன். எங்கள் மண்ணுக்கு ஐந்து நாளைக்கு ஒருதரம் என்று வந்தது. சாயங்காலத்தில் இருபது சால், அதற்கு ஒன்றரை அணா. அண்ணன் மிதிப்பார். மாமா கீழே நின்று சாலைப் பிடித்துச் சாய்த்துக்கொண்டே ஒன்று, இரண்டு என்று ராகம் போட்டு எண்ணுவார். நாத்தனார் மடையைத் திருப்பிவிட்டுக்கொண்டே அவரை வம்புக்கு இழுப்பாள்.

"பன்னெண்டுக்கு அப்புறம் பதினாலா சித்தப்பா? பதிமூணு எங்க, கெணத்துலயே உழுந்துடுச்சா?"

"அடி ராட்சசி, பாட்டுல இழுத்தேன். பதிமூணு உள்ளதான் இருக்குது."

தண்ணீர் இரண்டு கரைக்கு நடுவில் மெல்ல ஊர்ந்து போகும். செடியின் தண்டு நனையாமல், மண் மட்டும் பக்கவாட்டில் கறுத்துக்கொண்டே ஏறும். அதைப் பார்க்கிறபோது, எங்கேயோ ஒரு மலையில் அவரும் இதையே பார்த்துக்கொண்டு நின்றார் என்று நினைத்துக்கொள்வேன். அந்த ஒரு மாதம் நான் அவ்வளவாகப் பயப்படவில்லை. ஒரே ஒரு தப்பு செய்தேன். கிழங்கு வைத்திருக்கிறதா என்று பயந்து ஒரு செடியின் அடியைப் பறித்துப் பார்த்தேன். நெல்லிக்காய் அளவில் ஐந்தாறு தொங்கிக்கொண்டிருந்தன. மறுபடி மூடினேன். அந்தச் செடி இரண்டு நாளில் செத்தது. நாத்தனாரிடம் எலி என்று சொன்னேன்.

"ரெண்டு கால் எலி" என்றாள் அவள்.

தை போய்விட்டது. அவர் வரவில்லை.

மாசி பிறந்து பத்து நாளில் அடி இலை மஞ்சளாயிற்று. ஒரு வாரத்தில் மேலே ஏறியது. நாத்தனார் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தாள். "பழுக்குது அண்ணி. முத்திடுச்சு. தண்ணிய நிறுத்திட்டு மண்ணு காஞ்சதும் தோண்டிடலாம்."

"இப்ப வேணாம்."

"ஏன்?"

மறுநாள் பாகூருக்கு நடந்தேன். பாய் கடையில் பத்திரிகை வரும். கப்பல் எப்போது என்று கேட்டேன். பாய் தராசைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"பிரான்சு ஜெர்மன்காரன்கிட்ட தோத்ததுலருந்து அந்தப் பக்கம் ஒரு கட்சி, நம்ம பக்கம் ஒரு கட்சின்னு பிரிஞ்சி போச்சு தாயி. சைகோன்லருந்து இப்ப கப்பல் கெடையாது. சண்ட முடியட்டும். வருவாரு."

"சண்ட எப்ப முடியும் பாய்?"

"அது எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் பருப்பு நிறுத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன்?" என்று சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வருகிற வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. பாய்க்கு எல்லாம் தெரியுமா? பத்திரிகையில் வராத கப்பல் ஒன்று வராதா? செடி பச்சையாக இருக்கிறவரை தோண்ட வேண்டியதில்லை. தோண்டாத வரை அவர் வந்து சேர நாள் இருக்கிறது. இப்படித்தான் என் புத்தி போயிற்று. இன்றைக்குச் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அது மிகவும் சரியான கணக்காகப் பட்டது.

நேராகக் கிணற்றடிக்குப் போனேன். "மாமா, தண்ணி வைக்கணும்."

"எதுக்கு?"

"உருளைக்கு."

மாமா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஏற்றத்தில் வைத்த காலை எடுத்துவிட்டார். "பழுத்ததுக்குத் தண்ணி காட்டினா மறுபடி பச்சையாவுமா தங்கச்சி?"

எப்போதும் நாற்பது சால் விடுகிறேன், ஐம்பது சால் விடுகிறேன் என்று நிற்கிற மாமா அன்று, "வேணாம்மா" என்றார். "காசு கெடக்குது. கெழங்கு அழுகிப்போவும்."

"உடுங்க மாமா. காசு இப்ப இல்ல, அப்புறம் தர்றேன். உடுங்க."

என் குரல் எப்படி இருந்ததோ தெரியாது. அவர் சாலைப் பிடித்தார். அன்று ராகம் இல்லை. வாய்க்குள்ளேயே எண்ணினார். நாத்தனார் மடை திருப்ப வரவில்லை, நானே திருப்பினேன். ஐந்து நாள் கழித்து இன்னொரு தண்ணீர். அதற்கு ஐந்து நாள் கழித்து மூன்றாவது. பிடித்துப் பார்த்தால் மண் கொழுக்கட்டையாகவே நின்றது. அது எனக்குத் தெரிந்தும் தண்ணீர் விட்டேன். இலை பச்சையாகவில்லை. தண்டு படுத்துவிட்டது.

மூன்றாவது தண்ணீருக்கு மறுநாள் நாத்தனார் என்னைக் கேட்காமல் களைக்கொட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். நான் பின்னால் ஓடினேன். முதல் கரையைப் பிளந்ததும் நாற்றம் வந்தது. அவள் குனிந்து ஒரு கிழங்கை எடுத்தாள். பார்க்க எலுமிச்சை அளவில் அழகாகத்தான் இருந்தது. அவள் விரல் உள்ளே போய்விட்டது. கையை மண்ணில் துடைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்தாள். நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பொழுது சாய்கிறவரை தோண்டினோம். இரண்டு கூடை அழுகல். கெடாதது அரைக் கூடை தேறியது. மேட்டுப் பக்கத்துக் கரையில், தண்ணீர் சரியாக எட்டாத இடத்தில் இருந்தவை அவை. நாத்தனார் அதில் ஒன்றைத் துடைத்து என் கையில் வைத்தாள்.

"நம்ம மண்ணுல வந்துச்சுல்ல அண்ணி? அண்ணன் வந்தா சொல்லலாம். வந்துச்சுன்னு சொல்லலாம்."

பாய்க்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமாவுக்கும் ஏற்றக்கார அண்ணனுக்கும் கொடுத்தேன். நாங்கள் இருவரும் உப்பும் மிளகும் போட்டுப் பிசைந்து சாப்பிட்டோம். சூட்டோடு உரித்து விரலைச் சுட்டுக்கொண்டேன். பத்துக் கிழங்கை மணல் போட்ட பானையில் அவருக்கென்று வைத்தேன். சித்திரை வெயிலில் அவை சுருங்கின. பிறகு முளைத்தன. பிறகு என்ன ஆயிற்று என்று நான் பானையைத் திறந்து பார்க்கவில்லை.

வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, விற்ற காசில் நாலரை அணாவை எண்ணி எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். மூன்று தண்ணீருக்கு ஒன்றரை வீதம் நாலரை.

மாமா கையை நீட்டவில்லை. "இது இன்னாம்மா?"

"கடைசி மூணு தண்ணிக்கு."

"அது அவனுக்காக வச்ச தண்ணி. அவன் வந்து குடுப்பான். எடுத்துக்கிட்டுப் போ."

நான் வற்புறுத்தவில்லை. காசை முந்தானையில் மறுபடி முடிந்துகொண்டேன். வாங்கிக்கொள்ளாததில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவர் வருவார் என்று நம்புகிற ஆள் இன்னொருவர் கிடைத்துவிட்டார் அல்லவா?

அடுத்த வருஷம், அவள் அண்ணனுக்காகக் காத்திராமல் நாத்தனாருக்குக் கல்யாணம் நடந்தது. மாமாதான் முன்னின்று செய்தார். சண்டை முடிந்தது. கப்பல்கள் வந்தன. எங்கள் கொம்யூன் வட்டாரத்திலேயே ஐந்தாறு பேர் வந்து இறங்கினார்கள். ஒருவர், அவரை மலை ஊரில் கடைசியாகப் பார்த்ததாகச் சொன்னார். இன்னொருவர், அவருக்கு அங்கேயே ஒரு குடும்பம் இருப்பதாகக் காதில் விழுந்தது என்றார். காரைக்கால் ஆள் ஒருவரைத் தேடிக்கொண்டு போனேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. குறட்டை விடுகிற ஆள் இவர்தானா என்று கேட்கவும் கூச்சமாக இருந்தது. என் வீட்டுக்காரர் வரவில்லை.

மாமா போகிற வரைக்கும் இரண்டு மூன்று தடவை நான் காசைக் கொண்டுபோனேன். ஒவ்வொரு தடவையும் "அவன் வரட்டும்" என்றே சொன்னார். கடைசித் தடவை படுக்கையில் இருந்தபடி சொன்னார். அவர் போன பிறகு அவருடைய பிள்ளைகளிடம் கொடுத்திருக்கலாம். அவர்களுக்கு இப்படி ஒரு பாக்கி இருப்பதே தெரியாது. கொடுக்க எனக்குத்தான் மனம் வரவில்லை. கிணறு தூர்ந்துவிட்டது, அணாவும் செல்லாமல் போய்விட்டது. என் வீட்டுக்காரர் வந்து கொடுக்கட்டும் என்று நான் இன்னும் அதை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

பாக்கி, நாலரை அணா.